கிரேசி மோகனின் பகிடி திருகோணமலைக்கு ஏன் அரை நொடி பிந்தி வருகிறது?

உவர்மலையான்
வெள்ளி இரவு 9.40

பக்கத்து வீட்டில் ‘வசூல் ராஜா’ ஓடிக்கொண்டிருந்தது. மதில் தாண்டிச் சத்தம் வரும் அளவுக்கு டிவியை வைத்திருக்கிறார்கள். சரி, அதை முறையிட இங்கே வரவில்லை. டாக்டர் மார்க்கபந்து வாயைத் திறந்ததும் பொடியன் குபீரென்று சிரித்தான். குசினிக்குள் நின்ற அவனுடைய அம்மம்மா, “என்னவாம்?” என்று கேட்டார். பொடியன் சொல்லிக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் அம்மம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் டிவியில் இன்னும் இரண்டு பகிடி போய்விட்டது.

மார்க்கபந்துவாக வந்தவர் கிரேசி மோகன். அந்தப் படத்துக்கு வசனமும் அவர்தான். 2019 ஜூன் 10ஆம் திகதி காலமானார், 66 வயது. அன்றைக்கு எங்கள் நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு அஞ்சலி போட்டோம். “நகைச்சுவை மன்னர்” என்று நானும் போட்டேன். அவர் அப்படி என்னதான் செய்தார் என்று ஒருவரும் எழுதவில்லை. மன்னர் பட்டம் கொடுத்துவிட்டால் எங்கள் வேலை முடிந்துவிடும்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1952 அக்டோபர் 16இல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தார். 1972இல் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு ‘கிரேட் பேங்க் ராபரி’ என்று ஒரு நாடகம் எழுதி அதில் நடித்தும் இருந்தார். எழுத்துக்கும் பரிசு, நடிப்புக்கும் பரிசு. பரிசைக் கொடுத்தவர் கமல்ஹாசன். பிறகு சுந்தரம் கிளேட்டனில் வேலை. வேலையில் இருந்துகொண்டே 1976இல் எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியா குழுவுக்கு ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதினார். அந்தத் தலைப்பில் இருந்த ‘கிரேசி’தான் மோகனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. 1979இல் சொந்தக் குழு, கிரேசி கிரியேஷன்ஸ். 1983இல் அவருடைய ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை பாலசந்தர் ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாக்கினார். 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

என்னுடைய கேள்வி அந்த அம்மம்மாவைப் பற்றியது. அவவுக்கு மார்க்கபந்துவின் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். ஆனால் சிரிப்பு மட்டும் கடலைத் தாண்டி வருவது மாதிரி அரை நொடி பிந்தி வருகிறது. எனக்கும் அப்படித்தான், முப்பது வருடமாக. உங்களுக்கு எப்படி?

மட்டிக்களி பொடியன்
வெள்ளி இரவு 9.52

அண்ணே, எனக்கு ஒன்றும் பிந்தவில்லை. நான் ஆதித்யா டிவி பார்த்து வளர்ந்த பிள்ளை. சென்னைக்காரர் வீட்டு அத்தை கதைப்பது எனக்கு எங்கள் சொந்த அத்தை கதைப்பதைவிட நன்றாக விளங்கும். பகிடியை வெட்டிப் பார்த்தால் செத்துப்போகும், நீங்கள் போஸ்ட்மோர்ட்டத்துக்கு மேசை போடுகிறீர்கள்.

கிண்ணியா நானா
வெள்ளி இரவு 10.15

தம்பி, நீ சத்தத்தோடு பார்த்த ஆள். நாங்கள் பார்த்த கதையைக் கேள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. படம் என்றால் டெக், டிவி, ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் ‘பாதை’யில் ஏறித்தான் களப்பைக் கடக்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பாதை என்றால் எங்களுக்கு ரோட்டு இல்லை, ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு கயிற்றில் போகிற மிதவை. டவுனில் கெசட் எடுத்து, சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு, கடைசிப் பாதைக்கு ஓடி வருவோம். ஒருமுறை பாதை போய்விட்டது, கெசட்டோடு கரையில் இருந்தோம். அது வேறு கதை.

‘மைக்கேல் மதன காமராஜன்’ அப்படித்தான் பார்த்தோம். முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர். ஜெனரேட்டர் பத்து அடி தள்ளி நின்று கத்துகிறது. டிவியின் ஸ்பீக்கர் அதோடு போட்டி போட முடியாது. வசனத்தில் பாதி எங்களுக்குக் கேட்கவே இல்லை. ஆனால் கல்யாண வீட்டுச் சாம்பாருக்குள் மீன் விழுந்ததே, அந்த இடத்தில் எங்கள் மூத்தும்மா பாயிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தா. மரக்கறிச் சமையலில் மீன் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வசனம் எதற்கு? எங்கள் வீட்டில் மீன் விழாவிட்டால்தான் பிரச்சினை.

பிறகு கரண்ட் வந்து அதே படத்தைச் சத்தத்தோடு பார்த்தேன். இது வேறு படம் போல இருந்தது. காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழ் அப்போதுதான் காதில் விழுந்தது. எனக்குச் சத்தம் இல்லாத படம்தான் பிடித்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள்.

உவர்மலையான்
வெள்ளி இரவு 10.24

நானா, அடிக்கவில்லை. நீங்கள் சொன்னது பெரிய விஷயம். அவரைச் சொல் விளையாட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். சத்தத்தை எடுத்துவிட்டும் படம் நிற்கிறது என்றால், அடியில் ஒரு கட்டடம் இருக்கிறது. மெக்கானிக்கல் இன்ஜினியர் அல்லவா. ‘அவ்வை சண்முகி’யில் நாசரைப் பாருங்கள். பாஷா என்கிற முஸ்லிம் சமையல்காரரை ஐயர் வீட்டில் ஊமை என்று சொல்லி உள்ளே விடுகிறார்கள். பகிடி எழுதுகிற ஆள், ஒரு பாத்திரத்தின் வாயையே கட்டிவிட்டார்! ‘மகளிர் மட்டும்’ படத்தில் நாகேஷுக்குப் பிணம் வேடம், வசனமே இல்லை. அந்தப் பிணத்தை மறந்த ஆளைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

சாம்பல்தீவு வாணி
சனி காலை 6.30

அண்ணா, எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். ‘தெனாலி’யைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறக்கிறேன்.

2000ஆம் ஆண்டு வந்தது, நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். இலங்கைத் தமிழர் ஒருவர், எதைப் பார்த்தாலும் பயம், அதுதான் படத்தின் பகிடி. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என் சித்தியின் மகன் மட்டும் எழும்பிப் போய்விட்டான். தொண்ணூறில் சிறுபிள்ளையாகப் படகில் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமுக்குப் போய்த் திரும்பி வந்தவன். ஹெலி சத்தம் கேட்டால் பன்னிரண்டு வயதிலும் மேசைக்கு அடியில் போய்விடுவான். அவன் எழும்பிப் போனதும் அறையில் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. படம் மட்டும் ஓடியது.

இதை எழுதியவர் கெட்ட மனுஷர் என்று நான் சொல்லவில்லை. படத்தில் அந்தப் பாத்திரத்தின் மேல் அன்பு இருக்கிறது, அதுவும் தெரிகிறது. ஆனால் அந்த இழுவைத் தமிழ்? திருகோணமலையில் யார் அண்ணா அப்படிக் கதைக்கிறார்கள்? யாழ்ப்பாணத்திலும் இல்லை. அந்தப் படத்துக்குப் பிறகு சென்னைக்குப் படிக்கப் போன எங்கள் பிள்ளைகள் வாயைத் திறந்தாலே “தெனாலி” என்று கூப்பிட்டார்கள். நானும் ஒருத்தி.

பழைய ரேடியோ
சனி காலை 7.05

வாணி பிள்ளை சொல்வது சரி. ஆனால் அந்த உச்சரிப்புக்குக் கமலுக்கு உதவியவர் எங்கள் வானொலி அறிவிப்பாளர் அப்துல் ஹமீத், படத்திலும் வந்து போகிறார். ஆக, குற்றப்பத்திரிகையில் எங்கள் ஆளின் பெயரும் இருக்கிறது.

உவர்மலையான்
சனி காலை 8.10

வாணி, நீங்கள் எழுதியதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா தெரியாது. பிழை என்று சொல்ல வரவில்லை. நாடகம் போடுகிற ஆளாக ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் படத்தை இன்னொருமுறை காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். ஜெயராமும் மற்றவர்களும் மோகனின் வழக்கமான வேகத்தில் ஓடுகிறார்கள். ஒருவர் வசனம் முடிய முன்னமே அடுத்தவர் பிடித்துக்கொள்கிறார். நடுவில் தெனாலி மட்டும் ஆறுதலாக, சொல்லுக்குச் சொல் தரித்து வருகிறார். எங்கள் ஆள்தான் அங்கே அரை நொடி பிந்துகிறவர். நான் முதல் பதிவில் கேட்ட அரை நொடியையே எடுத்து அவர் ஒரு பாத்திரமாக்கி வைத்திருக்கிறார். தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, செய்திருக்கிறார். உச்சரிப்பு பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். தாளம் பிழை இல்லை.

சாம்பல்தீவு வாணி
சனி காலை 8.31

நாங்கள் மெதுவாகக் கதைக்கிறவர்களா? எங்கள் வீட்டுக்கு ஒருக்கால் வாருங்கள்.

மட்டிக்களி பொடியன்
சனி காலை 9.00

ஒன்று கவனித்தீர்களா? ‘மைக்கேல்’ பாலக்காட்டுத் தமிழ். ‘சதிலீலாவதி’ கொங்குத் தமிழ், கமலும் கோவை சரளாவும். ‘தெனாலி’ எங்கள் தமிழ் அல்லது எங்கள் தமிழ் மாதிரி ஒன்று. இதில் ‘சதிலீலாவதி’யை இயக்கியவர் பாலு மகேந்திரா, மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர். ஒரு மட்டக்களப்பாரும் ஒரு சென்னைக்காரரும் சேர்ந்து கோயம்புத்தூர்த் தமிழில் 1995இல் சிரிக்க வைத்திருக்கிறார்கள். அங்கே யாராவது “இது எங்கள் தமிழ் இல்லை” என்று இழை தொடங்கியிருப்பார்கள்.

பழைய ரேடியோ
சனி முற்பகல் 11.20

இவ்வளவு நேரமும் பொறுத்திருந்தேன். இனி என் பங்கு. நீளமாகும், தேத்தண்ணி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நடிகரும் எழுத்தாளரும் ஒரே ஆள் என்றதும் எல்லோரும் கடல் தாண்டிப் பார்க்கிறீர்கள். எங்களிடம் ஒருவர் இருந்தார். எஸ். ராமதாஸ். மரிக்கார் ராமதாஸ் என்றால்தான் தெரியும். இலங்கை வானொலியில் ‘கோமாளிகள் கும்மாளம்’ என்ற தொடர் நாடகத்தை எழுதியவர் அவர், மரிக்காராக நடித்தவரும் அவர். டி. ராஜகோபால் அப்புக்குட்டி. செல்வசேகரன் உபாலி. அப்துல் ஹமீத் ஐயர். நாலு பேர், நாலு தமிழ். மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ். உபாலி சிங்களவர் கதைக்கிற தமிழ். ஐயர் ஐயர்த் தமிழ். வேறு எதுவும் வேண்டாம், நாலு பேரையும் ஒரு இடத்தில் இருத்திவிட்டால் போதும், ஒருவர் சொன்னது மற்றவருக்கு வேறாக விளங்கும். பகிடி தானாக ஓடும்.

நான் அப்போது டொக்யாட் வீதிப் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதினேன். நாடகம் தொடங்கும் நேரம் வந்தால் முதலாளி ரேடியோவைத் தூக்கி வாசல் மேசையில் வைப்பார். சாமான் வாங்க வந்தவர், சுமை தூக்குகிறவர், ஹாபரில் வேலை முடிந்து வந்தவர் எல்லோரும் சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடி நிற்பார்கள். அந்தக் கூட்டத்திலேயே ஒரு மரிக்கார், ஒரு உபாலி, ஒரு அப்புக்குட்டி இருப்பார்கள். அவரவர் ஆள் வாய் திறக்கும்போது மற்றவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். இந்த ஊரில் அது ஒரு காலம்.

1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. நன்றாக ஓடியது. அடுத்து ‘ஏமாளிகள்’. ராமதாஸ் 2016இல் சென்னையில் காலமானார். செல்வசேகரன் அதற்கு முன்னமே போய்விட்டார்.

உவர்மலையானே, உன் அரை நொடிக் கணக்குக்கு என் பதில் இதுதான். மரிக்காருக்கு எங்களில் ஒருவருக்கும் பிந்தவில்லை.

கிண்ணியா நானா
சனி முற்பகல் 11.34

ரேடியோ ஐயா, எங்கள் வாப்பா சாகும் வரைக்கும் மரிக்கார் எங்கள் ஆள் என்றுதான் நம்பினார். ராமதாஸ் என்ற பெயரைக் காட்டியும் ஒப்புக்கொள்ளவில்லை. “அது எழுதுறவன்ட பேரு, கதைக்கிறது மரிக்கார்” என்றார். இதைவிடப் பெரிய விருது ஒரு நடிகருக்கு என்ன இருக்கிறது?

சாம்பல்தீவு வாணி
சனி மதியம் 12.02

பார்த்தீர்களா? ராமதாஸும் தன்னுடையது அல்லாத தமிழைத்தான் கதைத்தார். ஆனால் நானாவின் வாப்பா “எங்கள் ஆள்” என்றார். தெனாலியை நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. வித்தியாசம் எங்கே என்றால், மரிக்கார் கூட்டத்தில் ஒருவர். தெனாலி கூட்டத்துக்கு முன்னால் தனியாக நிறுத்தப்பட்டவர்.

உவர்மலையான்
சனி மதியம் 12.05

இதை நான் எழுதியிருக்க வேண்டும்.

வேளச்சேரியில் திருமலையான்
சனி மாலை 4.45

பதினைந்து வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். சபா ஒன்றில் அவருடைய நாடகத்தைப் பார்த்திருக்கிறேன், அவர் மேடையில் இருந்த நாளில். அதைக் கொஞ்சம் சொல்கிறேன், படத்தில் தெரியாத விஷயம் அது.

முதலில் கூட்டம். பாதிப் பேர் நாடகத்தை ஏற்கனவே பார்த்தவர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த மாமி அடுத்த வசனத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார், கோவிலில் சகஸ்ரநாமம் சொல்வது போல. கதாநாயகன் மாது, நண்பன் சீனு. மாதுவாக அவருடைய தம்பி பாலாஜி, அதனால்தான் மாது பாலாஜி. கதாநாயகி பெரும்பாலும் ஜானகி. மோகனுக்குப் பள்ளியில் நாடகம் சொல்லிக் கொடுத்த ஆசிரியையின் பெயராம் அது. படத்திலும் விடவில்லை. ‘அபூர்வ சகோதரர்கள்’ கௌதமி ஜானகி, ‘அவ்வை சண்முகி’ மீனா ஜானகி, வாணி கோபிக்கும் ‘தெனாலி’யில் ஜோதிகாவும் ஜானகி, ‘பம்மல் கே. சம்பந்தம்’ சிம்ரனும் ஜானகி, ‘வசூல் ராஜா’ சினேகா டாக்டர் ஜானகி. ஒரு டீச்சருக்கு இப்படி ஒரு குருதட்சணை.

இரண்டாவது, அவர் நடிப்பு. தனக்கென்று பெரிய வேடம் எழுதிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து நின்று, சிரிக்காமல், அதிர்ச்சியும் இல்லாமல், பக்கத்து வீட்டு மாமா மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். முகத்தில் “நான் பகிடி சொன்னேன்” என்பது துளியும் இருக்காது. சபா குலுங்கும்போது அவர் ஏதோ கடிதத்தைத் தேடுகிறவர் போல நிற்பார். நடிகராக அவருக்கு இந்த ஒரு வித்தைதான் தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு வித்தை போதுமே.

அப்புறம், அரை நொடி. சபாவில் எனக்கும் பிந்தியது. இடைவேளைக்குப் பிறகு பிந்தவில்லை. ஒரு மணி நேரத்தில் காது பழகிவிட்டது. ஆக, இது மூளைப் பிரச்சினை இல்லை, காதுப் பிரச்சினை.

இன்னொன்று: அவர் வெண்பா எழுதுவார். படமும் வரைவார். சொல்லை உடைத்துப் பார்ப்பவருக்கு வெண்பாவின் தளையும் சீரும் ஒரு பயிற்சிக் கூடமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். நேரிசை வெண்பாவின் தனிச்சொல் வந்து விழுகிற இடத்தைப் பாருங்கள், பகிடி விழுகிற இடமும் அதுதான்.

மட்டிக்களி பொடியன்
சனி மாலை 5.10

வெண்பாவா. இதோடு நான் கிளம்புகிறேன்.

சரி, போக முன் ஒரு குறை. எத்தனை ஜானகி வந்தாலும் ஒரு ஜானகிக்காவது நல்ல பகிடி கொடுத்தாரா? ஆண்கள் பொய் சொல்வார்கள், ஜானகி நம்புவாள், பிறகு கோபிப்பாள். ‘அவ்வை சண்முகி’யில் சிறந்த பெண் வேடம் கமலுக்கே போய்விட்டது.

சாம்பல்தீவு வாணி
சனி மாலை 5.26

தம்பி முதல் தடவையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார். ஆனால் ‘மகளிர் மட்டும்’ 1994இல் வந்தது என்பதை மறக்க வேண்டாம். ஊர்வசி, ரேவதி, ரோகிணி மூன்று பேரும் அலுவலகத்தில் கைநீட்டுகிற மேலாளரைக் கட்டிப்போடுகிற கதை. அந்தப் பிணத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர்களும் பெண்கள்தான். அதில் அவர் பெண்களுக்குப் பகிடியை அள்ளிக் கொடுத்திருக்கிறார். அதை ஏன் பிறகு தொடரவில்லை என்பதுதான் என் கோபம்.

‘சதிலீலாவதி’ கோவை சரளாவையும் கணக்கில் சேர்க்கலாம். கமலுக்கு எதிரே நின்று ஒரு அங்குலம் விட்டுக் கொடுக்கவில்லை.

உவர்மலையான்
சனி இரவு 8.50

எல்லோரும் எழுதிவிட்டீர்கள். இந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்பதை இனிச் சொல்லலாம். வெட்கமான கதை.

2003, சமாதான காலம். ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு எங்களை நாடகம் போடச் சொன்னார்கள். எனக்கு அப்போது கிரேசி மோகன் பைத்தியம். அவர் பாணியில் ஒன்று எழுதுகிறேன் என்று கிளம்பினேன். கல்யாணம், ஆள்மாறாட்டம், ஒரு மாமா, ஒரு அம்பி. தமிழும் அவருடைய தமிழ். “வரேளா, போறேளா.” திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஏழு பேர் ஒரு மாதம் அந்தத் தமிழைப் பாடமாக்கினோம்.

திறந்த வெளி மேடை. முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகளும் அம்மாக்களும், பின்னால் கதிரை, அதற்கும் பின்னால் சைக்கிள்கள். ஒலிபெருக்கிக்காரர் ஒரு மைக்தான் கொண்டுவந்தார். இரண்டு என்று கதைத்துத்தான் காசு கொடுத்தோம், அதை விடுங்கள். கடல் காற்று வேறு. ஒரு வசனம் பின்வரிசைக்குப் போய்ச் சேர முதல் மேடையில் மூன்றாவது வசனம் ஓடுகிறது. கதவு மூடிய சபாவுக்கு அந்த வேகம் சரி. மைதானத்தில் சிரிப்பு முன்னாலிருந்து பின்னால் அலை மாதிரிப் போகும். அது கரை தட்டும் வரை நடிகர் நிற்க வேண்டும். நாங்கள் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று தெரியவும் இல்லை.

இருபது நிமிடம். ஒரு சிரிப்பு இல்லை. ஒரு குழந்தை அழுதது, அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அப்புறம் மாமா வேடம் போட்டவன், பாவம், களைத்துப்போய், “சாப்டுட்டுப் போறேளா, ஓம்?” என்று விட்டான்.

எங்கள் ஊர் ‘ஆமாம்’ ஆன அந்த ‘ஓம்’ விழுந்ததும் மைதானம் எழும்பிவிட்டது. பாயில் இருந்த அம்மாக்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். எழுதிய பகிடி நூற்றுக்கு மேல். சிரித்தது எழுதாத ஒரு எழுத்துப் பிழைக்கு. அன்றிரவு கோட்டை வாசல் பக்கம் போய், மான்களைப் பார்த்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் இருந்தோம்.

அடுத்த வருடம் திரும்ப எழுதினேன். கட்டடம் அவரிடம் படித்தது: ஒரு சொல்லை ஒருவர் ஒரு கருத்தில் சொல்ல வேண்டும், மற்றவர் அதை வேறு கருத்தில் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும், முதல் ஆள் அந்தப் பதிலைத் தன் கருத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று சுற்றுப் போனால் இருவரும் வேறு வேறு வீட்டுக்குள் நிற்பார்கள். சொல் மட்டும் எங்களுடையது. சென்னையில் இருந்து சம்பந்தம் பேச ஒருவர் உவர்மலைக்கு வருகிறார்.

“அப்பா எங்கே?”
“அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.”
“ஐயோ, என் மேலயா?”
“இல்லை, நெஞ்சில.”
“நெஞ்சில வச்சுக்காம வெளிய சொல்லச் சொல்லுங்க.”
“வெளியில சொல்ல வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர்.”

நோயை வருத்தம் என்று சொல்கிற ஊரில் இதற்கு விளக்கம் வேண்டாம். மைதானம் முதல் வசனத்திலேயே தயாராகிவிட்டது. அவசரப்படாமல் என்ற கருத்தில் “ஆறுதலாகச் சாப்பிடுங்கோ” என்று அம்மா சொன்னதும், வந்தவர் இலையில் கை வைக்காமல் “யாருக்கு என்ன ஆச்சு?” என்று எழும்பினார். “பொம்பிளைக்கு அண்ணன் நேற்று முழுக்கப் பேசினவர்” என்றதும், “பரவாயில்லையே, நல்ல ஒத்துமை” என்றார். பேசுவது என்றால் எங்களுக்கு ஏச்சு என்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்தத் தடவை அரை நொடி பிந்தியவர் மேடையில் நின்ற சென்னைக்காரர். பாயில் இருந்தவர்கள் அவருக்கு முன்னமே சிரித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

பழைய ரேடியோ
சனி இரவு 9.08

அந்த நாடகத்துக்கு நான் வந்திருந்தேன். நெஞ்சு வருத்தக் கட்டத்தில் என் கண்ணாடி விழுந்து ஒரு கால் உடைந்தது. இன்னும் நூல் கட்டித்தான் போடுகிறேன்.

வேளச்சேரியில் திருமலையான்
சனி இரவு 9.15

‘வருத்தம்’ எனக்கு இங்கே உண்மையாகவே நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் “வருத்தம், இன்றைக்கு வரமாட்டேன்” என்று மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பினேன். அவர் பயந்துபோய் போன் எடுத்து, யார் என்னை மனம் நோகச் செய்தது என்று விசாரித்தார். எனக்குக் காய்ச்சல்.

கிண்ணியா நானா
சனி இரவு 9.21

உவர்மலையான் தம்பி, அதைத் திரும்பப் போடுங்கள். மரிக்கார் மாதிரி ஒருவரைச் சேருங்கள், கல்யாண புரோக்கராக. வேடம் எனக்கு.

சாம்பல்தீவு வாணி
சனி இரவு 9.30

ஜானகி என்று பெயர் வைப்பதானால் அவளுக்கு மூன்று பகிடியாவது வேண்டும். நான் எழுதித் தருகிறேன். ஒன்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாமனார், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறார். ஜானகி வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறாள்: “என்னைப் பார்த்ததில இருந்து அவருக்குச் சரியான புளுகம்.”

உவர்மலையான்
சனி இரவு 9.33

வாணி! அடுத்த வசனத்தை நான் எழுதத் தேவையில்லை. மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கிண்ணியா நானா
சனி இரவு 9.34

ஹா ஹா ஹா.

மட்டிக்களி பொடியன்
சனி இரவு 9.41

புளுகம் என்றால் புளுகுதானே, பொய். மாப்பிள்ளை பொய்க்காரர் என்று அவளே சொல்கிறாள். இதில் என்ன பகிடி?

சாம்பல்தீவு வாணி
சனி இரவு 9.42

அம்மம்மாவிடம் கேளும் தம்பி.

மட்டிக்களி பொடியன்
சனி இரவு 9.58

கேட்டேன். சிரித்துக்கொண்டே இருக்கிறா, சொல்கிறா இல்லை.